வாசல்படியில் கொடுத்த வாக்கு: நாளிதழ் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பகுதி நேர நிருபரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கும், செய்தி ஆசிரியருக்கும், மாவட்டப் பக்கங்களை முடிக்கும் டெஸ்க் நண்பர்களுக்கும்,

நலம் விசாரிப்பையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நிருபர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு போட்டீர்கள். மனிதாபிமானச் செய்திகளுக்கு இனி முகம் தெளிவாகத் தெரியும் படம் கட்டாயம், கை, முதுகு, நிழல் படங்கள் ஏற்கப்படமாட்டாது, எடுத்த படம் எல்லாவற்றையும் அப்படியே டெஸ்க்குக்கு அனுப்பிவிட வேண்டும், எதைப் போடுவது என்று டெஸ்க் முடிவு செய்யும். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜியும் கட்டைவிரலும் விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. அந்த அறிவிப்பு எந்தச் செய்தியால் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அம்மாவை இழந்த ஒரு குழந்தையின் முகத்தை, வராது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தும், நீங்கள் அச்சிட்ட செய்தி. முன்பு மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராததால் இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பத்திரிகையின் பெயரை இங்கே எழுதவில்லை. பயந்து அல்ல. பெயரைச் சொன்னால் படிக்கிறவர்களில் நாலு பேராவது தேடிப் போய் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள், அது பார்க்கப்படக் கூடாது என்பதற்காகத்தானே இந்த மடலே. ஊர் பெயரும் சொல்லப் போவதில்லை.

பன்னிரண்டு வருடமாகச் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இருந்து உங்களுக்குச் செய்தி தருகிறேன். பகுதி நேர நிருபர் என்று பெயர், வேலை என்னவோ முழு நேரம். செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் அதில் இத்தனை சதவீதம். என் அம்மா பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டி என்னைப் படிக்க வைத்தவர், சோறு பிசையும்போதும் விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். இதைச் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. பட்டாசு ஆலைச் செய்தி எனக்கு வெளியூர்ச் செய்தி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தனை வருடத்தில் எத்தனை வெடிவிபத்து எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்தான்: மருந்துக் கலவை செய்தபோது எதிர்பாராத விதமாக உராய்வு ஏற்பட்டு. சில நாள் ஊர் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றிப் பழைய செய்தியையே அனுப்பியிருக்கிறேன், மறைக்கவில்லை. அந்த அறையில் ஏன் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆலையை யார் யாருக்கு உள் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், மரத்தடியில் வைத்து ஏன் வேலை நடந்தது என்பதெல்லாம் அந்த ஒரு 'உராய்வு'க்குள் புதைந்து போகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்த ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் நம் வேலை ஒரே மாதிரி முடிகிறது. முதல் நாள் முதல் பக்கம், இரண்டாம் நாள் நிவாரண அறிவிப்பு, மூன்றாம் நாள் போர்மேன் கைது, நாலாம் நாளில் இருந்து வேறு செய்தி. நானூறாவது நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

சுமார் நானூறு நாளுக்கு முன் நடந்த ஒரு வெடிவிபத்தை வைத்து அதை எழுதலாமா என்று கேட்டபோது, நியாயமாகச் சொல்ல வேண்டும், நீங்கள் தயங்கவே இல்லை. "முழுப் பக்கம் தர்றோம்மா, தீபாவளிக்கு முன்னாடி வரட்டும்" என்றார் செய்தி ஆசிரியர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

அந்த மேட்டருக்கு நான் எப்படித் திட்டம் போட்டேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பிறகு நான் சண்டை போட்டபோது டெஸ்க்கில் ஒருவர், "ஃபீல்டுல இருந்து வர்றது வெறும் காய்கறி, சமைக்கிறது நாங்கதான்" என்றார். காய்கறி எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியட்டும்.

ஒரு தாளை எடுத்து மேலே ஒரே கேள்வியை எழுதினேன்: அறிவித்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, எப்போது வந்தது? மற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குக் கீழேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இல்லாவிட்டால் கதை அழுகைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும் என்று தெரியும். இடது பக்கம் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகள்: இறந்தவர்களின் குடும்பங்கள் ஆறு, தீக்காயத்தோடு பிழைத்தவர்கள் இரண்டு பேர். வலது பக்கம் பதில் சொல்ல வேண்டியவர்கள்: வருவாய்த் துறை, தொழிலக பாதுகாப்பு அலுவலகம், சிவகாசியில் இருக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், போலீஸ், தொழிற்சங்கம், ஆலை உரிமையாளர். அடியில் காகிதங்கள்: முதல் தகவல் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காசோலை நகல். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டேன். சட்டப்படி 30 நாளில் வர வேண்டிய பதில், ஒன்று 41 நாளில் வந்தது, இன்னொன்று வரவே இல்லை, மேல்முறையீடு செய்திருக்கிறேன். நாக்பூர் லைசென்ஸ் (மத்திய வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம் தருவது), டிஆர்ஓ லைசென்ஸ் (மாவட்ட வருவாய் அலுவலர் தருவது) என்று நம் பக்கம் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோமே, எந்த ஆலைக்கு எந்த உரிமம், அதில் எத்தனை பேருக்கு அனுமதி, யார் வந்து சோதனை போட வேண்டும் என்பதை எல்லாம் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளை வைத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பாடம் கேட்ட மாதிரிக் கேட்டேன்.

வீடுகளுக்கு முதல் தடவை போனபோது நோட்டை வெளியே எடுக்கவில்லை. இன்னார் மகள், இந்தப் பத்திரிகை, இதற்காக வந்திருக்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை நோட்டோடு போனேன், மூன்றாம் தடவைதான் படம். உரிமையாளரைக் கடைசியில் பார்த்தேன், கையில் எல்லாக் கணக்கும் சேர்ந்த பிறகு. கேள்விகளை எழுதிக் கொடுத்து ஒரு வாரம் நேரமும் கொடுத்தேன். அவர் பதில் சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கு விழுந்த பிறகு கணக்கு முடங்கியதால்தான் காசோலை திரும்பியது, கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இல்லை என்பது அவர் தரப்பு. அது உண்மையோ சமாளிப்போ, வாசகர் முடிவு செய்யட்டும் என்று அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

கடைசி வீட்டில் ஒன்பது வயதுப் பெண் குழந்தையும் அவளுடைய அம்மாச்சியும் மட்டும்தான். மகளைப் பறிகொடுத்து பேத்தியை வளர்க்கிறார். பேச ஒப்புக்கொண்டார், ஆனால் வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "பேரு போடுவீங்களா?" மாற்றிப் போடுவேன் என்றேன். "ஊரு?" போடமாட்டேன். "எங்க கடனு?" அதை எழுதவேமாட்டேன். "பாப்பா மூஞ்சி?" வராதும்மா, அவள் கையில் ஒரு நோட்டு இருக்கிற மாதிரி எடுத்துக்கொள்கிறேன், முகம் வராது என்றேன். நாலையும் நோட்டில் எழுதி வாசித்துக் காட்டினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, உங்களுக்கு அனுப்பிய கோப்பில் முதல் பக்கமாகவே வைத்தேன். அதைத் திறக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது.

கிளம்பும்போது ஓர் உதவி கேட்டார். பாப்பாவும் அவள் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம், மாலை போட்ட அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு இவள் நிற்கிற மாதிரி ஒன்று எடுத்துத் தர முடியுமா என்றார். எடுத்தேன். சாத்தூரில் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் குழந்தை அன்று என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இது ஜெல் பேனாவா?" என்பதுதான். பேனாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் என் தப்பு இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். எடுத்த படம் அத்தனையும் வேண்டும் என்று டெஸ்க்கில் இருந்து இரண்டு தடவை கேட்டார்கள். 63 படம் இருந்த அந்த ஃபோல்டரை அப்படியே ஏற்றிவிட்டேன். குறிப்பிட்ட அந்தப் படத்துக்கு 'வீட்டுக்கு மட்டும், அச்சுக்கு அல்ல' என்று பெயர் வைத்திருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். போதாது. அந்தப் படம் என் போனை விட்டு வெளியே போயிருக்கவே கூடாது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பஸ் ஸ்டாண்ட் கடையில் பேப்பரைப் பிரித்தபோது அந்தக் குழந்தையின் முகம்தான் அரைப் பக்கத்துக்கு இருந்தது. பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எல்லாம் இருந்தது. தலைப்பு: அம்மா எப்ப வருவாங்க? கேட்டுக் கேட்டுக் கதறும் சிறுமி. அவள் அப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அம்மா வரமாட்டாள் என்று தெரியாதா? நான் எழுதிய 1,400 சொல்லில் சுமார் 160 மிஞ்சியிருந்தது. மனுவுக்கு வந்த பதிலும் கணக்கு அட்டவணையும் உரிமையாளரின் பதிலும் தீக்காயத்தோடு பிழைத்த இரண்டு பேரும் காணாமல் போயிருந்தார்கள். அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி பூசினது மாதிரி இருந்த ஒரு கிழவியின் கையைப் படமெடுத்திருந்தேன், என் பன்னிரண்டு வருடத்தில் நான் எடுத்த ஒரே உருப்படியான படம் அதுதான், அதுவும் இல்லை.

எதிர்ப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையின் முழுப் பக்கத் தீபாவளி வாழ்த்து விளம்பரம். விபத்து நடந்த ஆலை இல்லை, வேறு ஒன்று. அந்த விளம்பரத்தைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

முகத்தைவிடப் பெரிய கேட்டை ஒரே ஒரு வினைச்சொல் செய்தது. நான் எழுதியது: குடும்பத்துக்கு மொத்தம் ரூ.8.5 லட்சம் அறிவிக்கப்பட்டது; அதில் அரசு தந்த 3 லட்சமும், ஆலை தரப்பு ஈமச் சடங்குக்குக் கொடுத்த 50 ஆயிரமும் வந்தன; மீதி 5 லட்சத்துக்கான காசோலை வங்கியில் இருந்து திரும்பிவிட்டது. அச்சில் வந்தது: குடும்பத்துக்கு ரூ.8.5 லட்சம் நிவாரணம் வழங்கப்பட்டது. இடத்தைச் சுருக்கும்போது 'அறிவிக்கப்பட்டது' 'வழங்கப்பட்டது' ஆகிவிட்டது. டெஸ்க்குக்கு அது ஓர் எழுத்து மிச்சம். திங்கள்கிழமை காலையிலேயே கந்துவட்டிக்காரர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வாசல்படிக்கு வந்துவிட்டார். எட்டரை லட்சம் வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் இல்லை என்று கையை விரித்தாயா என்று கேட்டிருக்கிறார். காசோலை திரும்பியதை எடுத்துச் சொல்லியும், "பேப்பர்லயே போட்டிருக்கான்ல, அவன் பொய்யா சொல்லுவான்?" என்றாராம். பத்திரிகை மேல் இத்தனை நம்பிக்கை வைத்திருக்கிற ஆள் இன்னும் இருக்கிறார் என்று ஒரு பக்கம் வியப்பாகக்கூட இருந்தது.

அதே நாள் சாயங்காலம் ஒரு யூடியூப் சேனல் நம் படத்தை எடுத்து, சோக இசை போட்டு வீடியோவாக்கியது. அதைப் பார்த்து இன்னொருவர் படத்துக்கு அடியில் பணம் அனுப்பும் க்யூஆர் கோடு ஒன்றை ஒட்டிச் சுற்றில் விட்டார். அது அந்தக் குடும்பத்தின் கணக்கு இல்லை. யாருடையது என்று தெரியவில்லை, சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறோம். துபாயில் இருந்து ஒருவர் அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, பணம் வந்ததா, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று தலைமையாசிரியரிடம் சண்டை பிடித்திருக்கிறார். குழந்தை ஒன்பது நாள் பள்ளிக்குப் போகவில்லை. 'பேப்பர்ல அழுதவ' என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்களாம். அந்தப் படத்தில் அவள் அழவே இல்லை, அம்மா படம் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்திருக்கிறாள்.

நான் போனபோது அம்மாச்சி திட்டவில்லை. லேமினேட் பண்ணிய படத்தை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நீ சொன்ன சொல்ல நம்பித்தான தாயி நிக்க வச்சேன்" என்றார். அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு வந்தேன், இப்போது என் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறது.

உங்களை அழைத்தபோது கிடைத்த பதில்களையும் பதிவு செய்துவிடுகிறேன். முகம் இல்லாவிட்டால் மேட்டர் சப்பையாகிவிடும் என்றார் ஒருவர். இணையத்தில் இத்தனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், குடும்பத்துக்கு நல்லதுதானே என்றார் இன்னொருவர். திருத்தம் போட்டால் நம் நம்பகத்தன்மை போய்விடும் என்று ஒருவர் சொன்னார், அதை அவர் எந்த முகத்தோடு சொன்னார் என்று போனில் தெரியவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ராத்திரி பத்தரைக்குள் நாலு பக்கம் முடிக்க வேண்டும், இரண்டு பேர் பார்க்கிற வேலையை ஒருவர் பார்க்கிறார், என் கோப்பின் முதல் பக்கத்தை அவர் படித்திருக்கக்கூட மாட்டார். அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தப்பு நடந்த பிறகு நீங்கள் எடுத்த முடிவு அவசரத்தில் எடுத்தது இல்லையே. அதைத் திருத்துவதற்குப் பதில் எல்லா நிருபருக்கும் விதியாக்கிவிட்டீர்கள்.

சட்டம், நெறி எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். தனிப்பட்ட துக்க நேரத்தில் கேமராவோடு புகுந்துவிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை சொல்கிறது. விபத்திலும் இயற்கைச் சீற்றத்திலும் பாதிக்கப்பட்டவர்களின் படம் பொதுநலனுக்காக இருக்கலாம் என்று விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் அந்த விதிவிலக்கைக் காட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் நானே முதலில் சொல்லிவிட்டேன். சரி, நானூறு நாள் கழித்து ஒரு குழந்தையின் முகத்தில் என்ன பொதுநலன் இருந்தது? பொதுநலன் இருந்தது திரும்பி வந்த காசோலையில். அதை வெட்டிவிட்டீர்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குற்றத்தில் பாதிக்கப்பட்ட அல்லது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட. இந்தக் குழந்தை அந்தப் பிரிவுக்குள் வருவாளா மாட்டாளா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் மட்டும் முகத்தை மறைக்க வேண்டும், மற்றக் குழந்தை என்றால் போடலாம் என்று நம் அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். சட்டம் அடிக்கிற இடத்தில் மட்டும் கூசுகிறோம்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது நாள்கணக்கில் நேரலை ஓடியதே, அப்போது நம் பத்திரிகை அலுவலகத்தில் தொலைக்காட்சிக்காரர்களைத் திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டினேன். அவர்கள் செய்ததை நாம் ஆற அமர, லே-அவுட் போட்டுச் செய்திருக்கிறோம்.

விளம்பரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், அது இல்லாமல் இந்த மடல் பாதி உண்மைதான். என் மாவட்டப் பக்கத்தில் கணக்கு வழக்கு எல்லாம் வெட்டுப்பட்டு அழுகை மட்டும் மிஞ்சியது எதேச்சையாக இருக்கலாம். எதிர்ப் பக்கத்து விளம்பரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அத்தாட்சி இல்லாததை நான் சொல்லமாட்டேன். ஆனால் காலையில் ஓர் ஆலை அலுவலகத்தில் தீபாவளி வாழ்த்து விளம்பரத்துக்காக அரை மணி நேரம் காத்திருந்து, மத்தியானம் அதே தொழிலில் செத்தவர் வீட்டில் நோட்டோடு உட்காருகிற நிருபரை யார் நம்புவார்கள்? கவரில் காசு வைத்து வாங்குகிற நிருபர் என்று ஊரில் எங்களைக் கேலி பேசுகிறார்கள். கவர் வாங்காதவருக்கும் விளம்பரக் கமிஷன்தான் வருமானம் என்று ஆகும்போது இரண்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் இருக்கிறது? காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றிப் பத்திரிகை கவுன்சிலின் துணைக்குழு 2010இலேயே அறிக்கை கொடுத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் இல்லாமல் விளம்பரத்தில் கழிவு வாங்கச் சொல்வது அந்த நோயின் வேர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி நான் கேட்பது.

முதல் காரியமாக அந்தப் படத்தை இணையதளம், இ-பேப்பர், முகநூல், இன்ஸ்டா எல்லா இடத்தில் இருந்தும் எடுங்கள். இன்றைக்கே. படம் உங்களுக்குச் சொந்தம் இல்லை, எனக்கும் சொந்தம் இல்லை. அதை எடுத்து வீடியோ போட்ட சேனலுக்கும் உங்கள் பெயரில் ஒரு கடிதம் அனுப்புங்கள், நான் அனுப்பினால் அவர்கள் மதிக்கமாட்டார்கள்.

அடுத்து, திருத்தம். ரூ.8.5 லட்சம் வழங்கப்பட்டது என்று வந்தது தவறு, வந்து சேர்ந்தது 3.5 லட்சம் மட்டுமே, 5 லட்சத்துக்கான காசோலை திரும்பிவிட்டது என்று அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பக்கத்தில், கண்ணில் படுகிற அளவில் போடுங்கள். உள்ளே எங்கோ எறும்பு எழுத்தில் போட்டால் கந்துவட்டிக்காரர் படிக்கமாட்டார். அந்தக் குழந்தை சொல்லாததைச் சொன்னதாகத் தலைப்பிட்டதற்கு வருத்தமும் அதில் இருக்க வேண்டும். பெயரையும் ஊரையும் மறுபடி போட்டுவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் போட்ட அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டு வாருங்கள்: நிருபர் ஒரு வீட்டில் என்ன வாக்குக் கொடுத்தார் என்பது கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கும், அதை மீற வேண்டும் என்று டெஸ்க்குக்குத் தோன்றினால் பக்கம் முடிப்பதற்கு முன் நிருபருக்குப் போன் போட வேண்டும், நிருபர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேட்டரை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வாசல்படியில் நான் என் பெயரைச் சொல்லி உட்காரவில்லை. உங்கள் பத்திரிகையின் பெயரைச் சொல்லித்தான் உட்கார்ந்தேன், அதனால் அந்த நாலு வாக்கும் நீங்கள் கொடுத்தது. அடையாள அட்டை கொடுத்திருக்கிறீர்கள் இல்லையா, அதற்கு அர்த்தம் அதுதான்.

வாசகர் புகாரைக் கேட்க ஆசிரியர் குழுவுக்கு வெளியே ஒருவரை வையுங்கள். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006இலேயே வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது. நீங்கள் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை, ஓய்வு பெற்ற மூத்த உதவி ஆசிரியர் ஒருவரும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.

விளம்பர இலக்கை நிருபர்கள் தலையில் இருந்து இறக்குங்கள். ஒரே நாளில் நடக்காது என்று தெரியும், என் வருமானத்திலும் பாதி அதோடு போகும். குறைந்தபட்சம் எந்தத் தொழிலைப் பற்றி ஒரு நிருபர் செய்தி எழுதுகிறாரோ அந்தத் தொழிலில் அவர் விளம்பரம் கேட்டுப் போக வேண்டியதில்லை என்றாவது வரும் மாதத்தில் இருந்து ஆரம்பியுங்கள். அடுத்த தீபாவளி மலருக்குப் பட்டாசு ஆலைகளில் நான் விளம்பரம் கேட்கப் போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1,400 சொல்லையும் கணக்கு அட்டவணையோடும் உரிமையாளர் பதிலோடும் வெளியிடுங்கள், அல்லது எனக்கே திருப்பித் தந்துவிடுங்கள். மற்ற நான்கு குடும்பங்களும் எங்கள் கதை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படம் வந்து இன்றோடு 34 நாள் ஆகிறது. நாளிதழ் மீதான புகாரை இரண்டு மாதத்துக்குள் பத்திரிகை கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது நடைமுறை. மூன்று மின்னஞ்சலும் இந்த மடலும் அந்தக் கணக்கில் சேரும். இன்னும் பதினைந்து நாள் பார்ப்பேன். கவுன்சிலுக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டும்தான் அதிகாரம், அபராதம் போட முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்டனம் என் பெயரையும் சேர்த்துத்தான் வரும், படத்தை எடுத்தது நான் என்பதால். வரட்டும்.

கடைசியாக ஒன்று. உங்களில் யாராவது ஒருவர், ஆசிரியரே வர முடிந்தால் நல்லது, என்னோடு அந்த வீட்டுக்கு வாருங்கள். கேமரா வேண்டாம், சால்வை வேண்டாம், உதவித் தொகை கொடுக்கிற படமும் வேண்டாம். அந்த லேமினேட் படத்தை நான் எடுத்து வருகிறேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் காலை 9.40க்கு ஒரு டவுன் பஸ் இருக்கிறது, அதை விட்டால் மத்தியானம்தான்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி நேர நிருபர்